பஃபலோ அரசு மனநல மருத்துவமனை: கட்டியதும், காலியானதும், மீட்டதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது பஃபலோ நகரம். அங்கே 1880ல் திறக்கப்பட்ட அரசு மனநல மருத்துவமனையின் கட்டட வரலாறுதான் இந்த ஆய்வின் பொருள். 1870களின் வரைபடத்தில் தொடங்கி 2023ல் அதன் ஒரு பகுதி விடுதியாக மறுபடி திறந்தது வரை வரிசையாகப் பார்க்கிறோம். சிகிச்சை முறைகளின் வரலாறு தனிக் கதை. சுவரையும் கூரையையும் அது எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் வரும்.

வடிவமைத்தவர்களின் பெயர்கள் பொதுப்பதிவில் உள்ளவை என்பதால் அப்படியே தரப்பட்டுள்ளன. நோயாளிகள், அதிகாரிகள், வழக்குத் தொடுத்தவர்கள், விடுதி நடத்தியவர்கள் ஆகியோரின் பெயர்கள் இல்லை.

பழைய மருத்துவமனை வளாகம் ஒன்று காலியாகி நிற்கும்போது முதலில் எழுகிற கேள்வி, "இதை என்ன செய்யலாம்?" பஃபலோவில் அந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதில் கிடைக்கவில்லை. பதில் வரும்வரை கட்டடம் நின்றதா, எதனால் நின்றது, எங்கே நிற்காமல் போயிற்று என்பதில்தான் மற்றவர்களுக்குப் பயன்படும் பாடம் இருக்கிறது.

பின்னணி: கிர்க்பிரைட் போட்ட கணக்கு

தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைட் பிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்தவர். 1844ல் 13 கண்காணிப்பாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள்; அவரும் அதில் ஒருவர். மருத்துவமனையை எப்படிக் கட்டவேண்டும் என்று 1851ல் அந்தச் சங்கம் 26 விதிகளை ஏற்றது. 1854ல் கிர்க்பிரைட் அதே விஷயத்தை ஒரு நூலாகவே எழுதினார். அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து சில பத்தாண்டுகளுக்கு அமெரிக்க மாநிலங்கள் கட்டிய மனநல மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அவர் பெயரில் வழங்கும் திட்டத்தைப் பின்பற்றின. முதலாவது, 1848ல் நியூ ஜெர்சியின் டிரென்டனில் திறந்தது.

விதிகளைப் படித்தால், ஒரு கட்டடப் பொறியாளரும் ஒரு வார்டு மேற்பார்வையாளரும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். ஊரிலிருந்து 2 மைலுக்குக் குறையாத தூரம். எந்த மருத்துவமனைக்கும் 50 ஏக்கருக்குக் குறையாத நிலம், மாநில அரசுடையது என்றால் 100 ஏக்கராவது. 200 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10,000 கேலன் தண்ணீர். தனி அறை 8 அடிக்கு 10 அடியிலிருந்து குறையக்கூடாது. கூரை 12 அடி உயரம். ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு எட்டு எனத் தனித்தனி வார்டுகள். நோயாளிகள் இருக்குமிடத்தில் தரை மரமாக இருக்கவேண்டும். மாடிப்படி இரும்பு, கல் போன்ற எரியாத பொருளில் இருக்கவேண்டும். நிலவறையில் யாரையும் தங்கவைக்கக் கூடாது. கொதிகலன் தனிக் கட்டடத்தில். வெளிக்காற்றை உள்ளே இழுத்து, நீராவிக் குழாய்களின் மேல் ஓடவிட்டுச் சூடாக்கி, சுவருக்குள் இருக்கும் புழைகள் வழியே அறைகளுக்கு அனுப்பவேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஓர் எண்: ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் கூடாது, 200 பேர் என்றால் நல்லது. கண்காணிப்பாளர் ஒருவர் தினமும் எல்லா நோயாளியையும் நேரில் பார்க்கக்கூடிய எண்ணிக்கை அது. வார்டுகளின் பிரிப்பு, அறையின் அளவு, காற்றின் கணக்கு, சமையலறையிலிருந்து சாப்பாடு சூடாகப் போய்ச்சேரும் தூரம் எல்லாம் இந்த எண்ணிலிருந்து பிறந்தவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது தானாகவே விளங்கும்.

கட்டடத்தின் வடிவமும் இதே கணக்கில் வந்ததுதான். நடுவில் நிர்வாகக் கட்டடம். அதன் இருபக்கமும் வார்டுகள், ஒன்றை அடுத்து ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பின்தள்ளி. மேலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம் பறக்கிற வடிவம். ஒரே நேர்க்கோட்டில் ஒட்டிக் கட்டினால், நடுவில் இருக்கும் வார்டின் இரு முனைகளும் அடைபடும். பின்தள்ளிக் கட்டினால், ஒவ்வொரு வார்டின் நடைக்கூடமும் முனையில் வெளியே திறக்கும்; வெளிச்சம் உள்ளே விழும், காற்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். அமைதியாக இருப்பவர்கள் நடுக்கட்டடத்துக்குப் பக்கத்தில், கூச்சலும் கொந்தளிப்பும் உள்ளவர்கள் கடைக்கோடி வார்டில். தேறத் தேற நடுவை நோக்கி நகர்வார்கள். எந்த வார்டில் இருக்கிறார் என்பதே ஒருவருடைய நிலையைச் சொல்லிவிடும்.

கட்டியது: 1870–1895

பஃபலோ மருத்துவமனைக்குக் கட்டடக் கலைஞராக அமர்த்தப்பட்டவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். அப்போது முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே. பெரிய பெயர் வரவில்லை. பாரிஸில் படித்து வந்தவர். பாஸ்டன் டிரினிட்டி தேவாலயத்தின் வேலை கைக்கு வந்தது இதற்குப் பிறகுதான். வட்ட வளைவுகள், கொத்தியும் கொத்தாமலும் விட்ட கனமான கல்முகம், கோபுரங்கள் என்று அவர் பெயராலேயே அறியப்படும் பாணி முதலில் தலைகாட்டியது இந்த மருத்துவமனையில். பரப்பளவில் அவர் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய வேலையும் இதுவே.

நிலம் 203 ஏக்கர். அதை அமைத்தவர்கள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கிய ஃபிரெடெரிக் லா ஆம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரும். கட்டடத்தை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதிலும் அவர்கள் யோசனை சொன்னார்கள். முன்னால் ஓடும் ஃபாரஸ்ட் அவென்யூவுக்கு இணையாக இல்லாமல் கட்டடம் சற்றுத் திரும்பி நிற்பதை இன்றும் பார்க்கலாம். தெருவிலிருந்து பார்க்கும் அழகைவிட உள்ளே விழும் வெயில் முக்கியம் என்ற தீர்மானம் அது. தென்பகுதி பூங்காவாகவும், வடபகுதியில் சுமார் 100 ஏக்கர் பண்ணையாகவும் ஆயின.

அடிக்கல் 1872ல். நடுக்கட்டடமும் கிழக்கே ஆண்கள் வார்டுகளும் முடிந்து மருத்துவமனை திறந்தது 1880 நவம்பர் 15ல். மேற்கே பெண்கள் வார்டுகள் எல்லாம் முடிய 1895 ஆகிவிட்டது. அதற்குள் ரிச்சர்ட்சன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. மொத்தம் பதினோரு கட்டடங்கள்: நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஐந்து. நடுக்கட்டடத்தின் இரட்டைக் கோபுரங்கள் சுமார் 185 அடி உயரம். மேலே செப்புக் கூரை, இன்று பச்சை பூத்துக் கிடக்கிறது.

இரண்டு விவரங்களைக் கவனித்துப் பார்க்கவேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் இவற்றின்மேல்தான் நின்றன.

ஒன்று, பொருள். நடுக்கட்டடமும் அதன் இருபக்கமும் இரண்டிரண்டு வார்டுகளும் செம்பழுப்பு நிற மெடினா மணற்கல். அந்த வட்டாரத்திலேயே வெட்டியெடுத்த கல் அது. அதற்கு அப்பால் பக்கத்துக்கு மூன்று வார்டுகள் செங்கல். காரணம் செலவு. ஓரம் போகப் போக அளவும் அலங்காரமும் குறைந்துகொண்டே போகும். விருந்தாளியும் சட்டமன்ற உறுப்பினரும் வந்து நிற்பது நடுவில், கடைக்கோடிக்கு அவர்கள் போவதில்லை என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ.

இரண்டு, இணைப்பு. வார்டுக்கும் வார்டுக்கும் இடையில் கால்வட்டமாக வளைந்த, வார்டைவிடத் தாழ்ந்த ஒரு நடைபாதைக் கட்டடம். கிர்க்பிரைட் திட்டத்தின் பிற மருத்துவமனைகள் பலவற்றில் வார்டுகள் முனையோடு முனை நேராக முட்டிக்கொள்ளும். இங்கே வளைவு இடையில் நிற்பதால் ஒவ்வொரு வார்டும் ஏறத்தாழத் தனிக் கட்டடம். தீப்பிடித்தால் நடுவில் கதவை அடைத்து ஒரு வார்டோடு நிறுத்தலாம். ரிச்சர்ட்சன் காலத்துக்கு அது தீத்தடுப்பு. நூறாண்டு கழித்து இதே வளைவு, ஒரு வார்டைத் திருத்தும்போது அடுத்ததைத் தொடாமல் விட்டுவைக்கும் வசதியைக் கொடுத்தது.

கணக்கு உடைந்தது: 1890–1974

250 என்ற எண்ணைச் சங்கமே 1866ல் 600 ஆக உயர்த்திவிட்டது. கிர்க்பிரைட்டுக்கு அதில் உடன்பாடு இல்லை. பஃபலோ வரைபடம் கிளம்பியபோதே பழைய எண் போய்விட்டது; அதற்காகப் பிறந்த வடிவம் மட்டும் தங்கியது.

1890ல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுவரை மாவட்ட ஏழையர் இல்லங்களில் அடைபட்டிருந்த மனநோயாளிகளின் பொறுப்பை மாநில அரசே ஏற்றது. நல்ல நோக்கம். ஆனால் அங்கிருந்து வந்தவர்கள் பல்லாண்டுகளாக நோய் முற்றியவர்கள்; தேறி வீடு திரும்பும் வாய்ப்புக் குறைவு. வருகிறவர் எண்ணிக்கை போகிறவர் எண்ணிக்கையைத் தாண்டினால் எந்த மருத்துவமனையும் நிரம்பும். நாடெங்கும் இத்தகைய மருத்துவமனைகளில் நடந்தது ஒரே வரிசைதான்: ஒற்றை அறையில் இரண்டாவது கட்டில், பிறகு பொது அறையில் கட்டில்கள், கடைசியில் நடைக்கூடத்திலேயே கட்டில் வரிசை.

நடைக்கூடத்தில் கட்டில் போட்டதும் கட்டடத்தின் வேலை நின்றுபோகிறது. கிர்க்பிரைட் வார்டில் நடைக்கூடம் என்பது போகவர மட்டும் உள்ள வழி இல்லை. பகலில் உட்காரும் இடம், மழைநாளில் உலாவும் இடம், காற்றுக்குழாய் எல்லாம் அதுவே. அதை அடைத்த பிறகு அறைகளில் காற்று தங்குகிறது, நாற்றம் தங்குகிறது, வகைவாரியாகப் பிரிப்பது முடியாமல் போகிறது. பிற்காலத்தில் வந்து பார்த்தவர்கள் கிர்க்பிரைட் வடிவமே கொடுமையானது என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்தது வடிவத்தையா நெரிசலையா என்று யோசிக்கலாம்.

பண்ணை நிலம் 1927ல் பக்கத்து அரசுக் கல்லூரிக்குப் போயிற்று. 1954ல் மனநோய்க்கான குளோர்புரோமசின் மருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்தது. 1963ல் சமூக மனநல மையங்களுக்கான சட்டம். 1965ல் வந்த மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, 65 வயதுக்குக் குறைந்தவர்கள் மனநல மருத்துவமனையில் தங்கும் செலவைத் தராது என்று விதித்தது. மாநிலங்களுக்குப் பெரிய மருத்துவமனை நடத்துவது தன் கைக்காசுச் செலவாகிவிட்டது. மருந்தால் மட்டுமே வார்டுகள் காலியானதாகச் சொல்வது வழக்கம். பணம் எந்தப் பக்கம் ஓடியது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

1960களின் இறுதியில், புதிய கட்டடத்துக்கு இடம் வேண்டும் என்று கிழக்கே இருந்த மூன்று செங்கல் வார்டுகளையும் இடித்தார்கள். பதினொன்று எட்டானது. 1974ல் நோயாளிகள் அதே வளாகத்தின் புதிய கட்டடங்களுக்கு மாறினார்கள். நடுக்கட்டடத்தில் அலுவலகம் மட்டும் 1994 வரை ஓடியது.

கண்டது: ஆளில்லாத கட்டடம் எப்படிச் சிதைகிறது

1986ல் வளாகம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் கூரை ஒழுகுவது நிற்பதில்லை. இந்த அளவிலான கல், செங்கல் கட்டடம் குளிர்நாட்டில் ஆளில்லாமல் நிற்கும்போது என்னென்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது நல்லது. எல்லாம் தண்ணீரில்தான் தொடங்கும்.

முதலில் போவது கூரை ஓரத்து மழைநீர்ப் பீலி. இலையும் புறா எச்சமும் சேர்ந்து வாயடைக்கும். பஃபலோவில் ஏரிக்காற்று கொண்டுவரும் பனி அடி அடியாகக் குவியும். உருகிய நீர் வழியில்லாமல் பீலியிலிருந்து பின்பக்கமாகச் சுவருக்குள் இறங்கும். சுவரின் உள்ளே உத்திரக்கட்டையின் முனை புதைந்திருக்கும் குழிக்கு அது போய்ச்சேரும். கட்டை நடுவில் திடமாகத் தெரியும். முனை மட்டும் சுவருக்குள் உளுத்திருக்கும். கீழிருந்து தட்டிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போகிற ஆய்வாளர்கள் தவறுவது இங்கேதான். சுவரை ஒட்டிய அரை அடியில் ஊசிமுனைக் கருவியைக் குத்திப் பார்க்கவேண்டும்.

அடுத்தது வெப்பம். கொதிகலனை நிறுத்தியதும் சுவர் வெளிக்குளிருக்கு இறங்கிவிடும். நனைந்த கல்லுக்குள் நீர் உறைந்து விரியும், உருகும், மறுபடி உறையும். ஒரு குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். மணற்கல் படுகை படுகையாக உரியும். இதற்கு நடுவில் யாராவது ‘பழுது’ பார்க்கிறேன் என்று இணைப்புகளில் சிமெண்ட் கலவை அடைத்திருந்தால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், தானே தேய்ந்து கல்லைக் காக்கும். சிமெண்ட் கல்லைவிடக் கடினம். ஈரத்துக்கு வழி கல் வழியாகத்தான், அதனால் கல்லின் முகம் கழன்று விழும்.

மூன்றாவது, அடைப்பு. பூட்டிய கட்டடத்தைக் காப்பது என்றால் ஜன்னலையெல்லாம் பலகையால் முழுக்க அடைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். கல்லெறிபவரிடமிருந்து அது காக்கும். உள்ளே சுவர்க்காரையும் மரத்தரையும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அது வெளியேற வழியில்லை என்றால் ஓரிரு கோடையில் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்று ஓடுவதற்கென்றே வடிவமைத்த கட்டடத்தின் வாயை அடைத்தால் வரும் விளைவு மற்றக் கட்டடங்களைவிட வேகமாகவே வரும்.

நான்காவது புறா. கோபுரத்திலும் கூரையடியிலும் எச்சம் அடிக்கணக்கில் சேரும். எடை ஒருபக்கம், அதைக் கிளறுகிற தொழிலாளியின் நுரையீரலுக்கு வரும் ஆபத்து மறுபக்கம். முகமூடியும் உடலுறையும் இல்லாமல் யாரையும் அங்கே ஏற்றக்கூடாது. ஈயம் கலந்த பழைய வண்ணம் உரிந்து தரையெங்கும் தூளாகக் கிடக்கும். குழாய்களைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் தனி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வரலாற்றுப் பாதுகாப்பு ஆர்வலர்கள் மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். சின்னமாக அறிவித்த தன் சொத்தை அரசே சிதைய விடுகிறது என்பது வழக்கின் சாரம். அதன் விளைவாகப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. வளாகத்தின் மீட்புக்கு என்று 7 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. 2006ல் இதற்கென இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று உருவானது. மருத்துவமனை நடத்துகிற துறையிடம் பழைய கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் இருந்தால், நோயாளிக்கு ஒதுக்கிய பணத்தில் கூரை மாற்றுவதா என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும், கூரைதான் தோற்கும். பொறுப்பைத் தனியே பிரித்தது முதல் நல்ல முடிவு.

இரண்டாவது முடிவு வேலையின் வரிசை. கையில் வந்த பணத்தை அழகான நடுக்கட்டடத்தில் கொட்டிவிடவில்லை. 2008 முதல் முதலில் செய்தது நிலைப்படுத்தல்: எஞ்சிய கட்டடங்களின் கூரை ஓட்டைகளை அடைத்தல், நீர் வழிகளைத் திறத்தல், சரிந்த இடங்களுக்கு முட்டுக்கொடுத்தல், குப்பையை அகற்றுதல், காற்றோட்டத்தோடு ஜன்னல்களை மூடுதல். இன்னும் பயன்பாடு தீர்மானமாகாத வார்டுகளுக்கும் இது நடந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் எதுவுமே நடக்காதது போலத் தெரிந்திருக்கும். படம் பிடித்துக் காட்ட ஒன்றுமில்லாத வேலை இது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பின்னால் திருத்துவதற்கு வார்டுகள் இருந்திருக்காது.

இந்த மூடிவைக்கும் வேலையின் நுணுக்கங்கள் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டியில் ஏற்கெனவே இருக்கின்றன. பலகையை ஜன்னல் சட்டத்தில் ஆணியடிக்கக் கூடாது, சட்டம் பிளக்கும். உள்பக்கம் இரண்டு குறுக்குச் சட்டங்களை வைத்து, வெளிப்பலகையை நீள போல்ட் கொண்டு அவற்றோடு இழுத்து முடுக்கவேண்டும். பழைய ஜன்னல் நடுவில் கீறலின்றி இருக்கும். வெளியிலிருந்து யாராலும் கழற்ற முடியாது. பலகையில் சாய்பட்டைத் துளை வெட்டி வலை அடிக்கவேண்டும். குளிர்காலத்தில் மணிக்கு ஒன்றிரண்டு முறையாவது உள்காற்று முழுதும் மாறவேண்டும், கோடையில் அதைப்போல் இருமடங்கு. மூடிய பிறகும் மாதம் ஒருமுறை ஆள் உள்ளே போய்க் கூரையடியைப் பார்த்துவரவேண்டும். பெருமழைக்கு மறுநாள் கட்டாயம்.

சாந்து மாற்றும் இடங்களில் பழையதை இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கையால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவை நிரப்புவதே சரியான முறை. மேலோட்டமாகச் சுரண்டி அடைத்தால் சில குளிர்காலத்தில் பெயர்ந்து வரும். மின்வட்டக் கத்தியால் வெட்டினால் வேலை வேகமாகும், கல்லின் ஓரமும் சேர்ந்து போகும்.

மூன்றாவது முடிவு அளவு பற்றியது. எட்டையும் ஒரே திட்டத்தில் கட்டித் தூக்காமல், நடுக்கட்டடமும் இருபக்கமும் ஒவ்வொரு வார்டும் என மூன்றை மட்டும் முதலில் எடுத்தார்கள். இங்கேதான் ரிச்சர்ட்சனின் வளைவு இணைப்பு கைகொடுத்தது. வார்டுகள் முனையோடு முனை ஒட்டியிருந்தால் சூடாக்கிய கட்டடமும் சூடில்லாத கட்டடமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும். ஈரமும் தீயும் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்லமுடியாது.

நான்காவது, நுழைவாயில். தெற்கே கோபுரங்களின் கீழே இருக்கும் பழைய முகப்பு அகலப் படிகளோடு உயர்ந்து நிற்கிறது. சக்கர நாற்காலி ஏறவேண்டும், கார் வந்து நிற்கவேண்டும் என்றால் அந்த முகப்பைத்தான் வெட்டவேண்டியிருக்கும். அதனால் பின்பக்கம், வடக்கே, கண்ணாடியால் ஒரு புதிய நுழைவுக் கூடம் சேர்த்தார்கள். மின்தூக்கிக்குப் போகும் வழி, வண்டிப் போக்குவரத்து எல்லாம் அங்கே. தெற்கே பல்லாண்டுகளாகக் கார் நிறுத்துமிடமாகக் கிடந்த தார்ப்பரப்பை எடுத்துவிட்டு 2013ல் புல்வெளியை மீட்டார்கள். ஆம்ஸ்டெட் போட்ட நிலம் கட்டடத்துக்கு முன்னால் மறுபடி கண்ணில் பட்டது.

வார்டு விடுதி அறையான விதம்

பயன்பாடு என்று கடைசியில் தேர்ந்தது விடுதியும் கூட்ட அரங்கும். காரணம் கட்டடத்தின் எலும்பிலேயே இருக்கிறது. கிர்க்பிரைட் வார்டு என்பது நடுவில் நீண்ட கூடம், பக்கங்களில் சிறிய அறைகள். விடுதிக்கும் அதே அமைப்புதான். அலுவலகமாக்கினால் பெரிய திறந்த தளம் கேட்பார்கள். அறைச்சுவர்கள் எல்லாம் எடைதாங்கும் கனச் செங்கல், எடுக்கமுடியாது.

சிக்கல் அறையின் அளவில். ஒரு நோயாளிக்குப் போதுமென்று வரைந்த அறையில் இன்றைய கட்டில், குளியலறை, அலமாரி மூன்றும் அடங்காது. பக்கத்து அறைகளைச் சேர்த்துத்தான் ஒரு விருந்தினர் அறை வந்தது. சுவரை முழுவதும் இடிப்பதில்லை. கதவளவு துவாரம் வெட்டி, மேலே இரும்பு உத்திரம் வைத்து எடையை ஏற்றுவார்கள். ஒரு துவாரம் என்றால் சின்ன வேலை. ஒரு மாடியில் பல துவாரங்கள், மேல்மாடியில் அதே இடத்தில் இன்னொன்று என்று வரும்போது, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுத்து வரிசையாகச் செய்யவேண்டும். வரிசை தப்பினால் மேல்சுவரில் விரிசல் ஓடும். இப்படி மூன்று கட்டடங்களில் கிடைத்தவை 88 அறைகள்.

அகலமான நடைக்கூடங்களைக் குறுக்கவில்லை. விடுதிக்காரர் பார்வையில் அது வாடகை வராத வீண் இடம். ஆனால் வரலாற்றுக் கட்டடத்தைத் திருத்தினால் தகுதியான செலவில் 20 விழுக்காட்டை வரிச்சலுகையாகத் தரும் மத்தியச் சட்டம், கட்டடத்தின் அடையாளமான உள்ளிடங்களைக் குலைக்கக்கூடாது என்று நிபந்தனை போடுகிறது. கூடத்தைக் குறுக்கினால் சலுகை போகும். ஆகவே கூடங்கள் உட்காரும் இடங்களாக நின்றன. 1880ல் அவை எதற்காக இருந்தனவோ ஏறத்தாழ அதற்கே.

குளியலறைகளை மேல்கீழாக ஒரே நேரில் அடுக்கினால்தான் கழிவுக்குழாய் ஒரே புழையில் இறங்கும். தளத்துக்குத் தளம் அறை அமைப்பை மாற்றும் ஆசையை விட்டுவிட வேண்டியிருக்கும். பழைய காற்றுப் புழைகளில் குழாய் ஓட்டலாம் என்று வரைபடத்தில் தோன்றும். பாதியில் வளைந்தோ அடைபட்டோ இருக்கும்; கேமரா விட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

பின்னர் நடந்தது

விடுதி 2017ல் திறந்தது. 2021 தொடக்கத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் முதல் நடத்துநர் மூடினார். நாட்டில் எத்தனையோ விடுதிகள் அப்போது மூடின. இந்தக் கட்டடத்தின் குறையாக அதைச் சொல்லமுடியாது. கவனிக்கவேண்டியது, மூடிய காலத்தில் கட்டடம் மறுபடி 1974ஐப் போலக் கைவிடப்படவில்லை என்பது. உரிமை நடத்துநரிடம் இல்லாமல் தனி நிறுவனத்திடம் இருந்தது. நடத்துநர் போனாலும் பொறுப்பாளர் இருந்தார். 2023ல் வேறு நிர்வாகத்தின் கீழ், வேறு பெயரில் விடுதி திறந்தது.

எஞ்சிய ஐந்து வார்டுகள், கிழக்கே ஒரு கல் வார்டு, மேற்கே ஒரு கல் வார்டும் மூன்று செங்கல் வார்டுகளும், இந்தத் திட்டத்தில் சேரவில்லை. திருத்தப்படாத வார்டுகளுக்குள் வழிகாட்டியோடு பார்வையாளர்களை அழைத்துச்செல்லும் ஏற்பாடு நடந்துவந்தது. உரிந்த வண்ணமும் வெறும் அறைகளும் அப்படியே இருக்கும் இடத்தில் நின்று பார்க்கும்போது கிர்க்பிரைட் சொன்ன வெளிச்சம் புரிகிறது, நெரிசலில் அது எப்படி இருந்திருக்கும் என்பதும் புரிகிறது. மெருகேற்றிய கூடத்தில் இரண்டும் புரிவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இடங்கள் போதும். மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் மருத்துவமனையில் 2006-07ல் பெரும்பகுதியை இடித்துவிட்டு நடுமுகப்பின் வெளிச்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு குடியிருப்பு கட்டினார்கள். நியூ ஜெர்சியின் கிரேஸ்டோன் பார்க் 2015ல் இடிபட்டது. மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் நீளக் கட்டடத்தைப் பகுதி பகுதியாக எடுத்து வீடு, கடை, அலுவலகம் என்று கலந்து மீட்டார்கள். ஒரே ஒரு பெரிய வாடகைதாரரை நம்பாத வகையில் டிராவர்ஸ் சிட்டி முறை பஃபலோவைவிடத் தாங்கும் சக்தி உள்ளது என்பது எங்கள் கருத்து.

இனி ஒரு வளாகத்தில் மாற்றவேண்டியவை

நோயாளிகள் கடைசியாக வெளியேறும் நாளுக்கு முன்பே நிலைப்படுத்தும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கவேண்டும். பஃபலோவில் 1974க்கும் 2008க்கும் இடையே போன 34 ஆண்டுகளில் ஆண்டுதோறும் பீலி கழுவும் செலவு, பின்னால் உத்திரமும் காரையும் மாற்றிய செலவோடு ஒப்பிட்டால் அற்பம். வார்டை மூடும் உத்தரவிலேயே யார் கூரையைப் பார்ப்பார்கள், எந்தக் கணக்கிலிருந்து என்று ஒரு வரி இருந்தால் போதும்.

கொதிகலனை முழுவதும் நிறுத்தாமல், உறைநிலைக்குச் சற்று மேலே வைத்திருக்கும் அளவாவது ஓடவிடுவது. முடியாது என்றால் எல்லாக் குழாய்களையும், கழிவறைத் தொட்டிகளையும் வளைவுகளையும் உட்பட, வடித்துவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். பெரிய வளாகங்களில் யாருக்கும் தெரியாத ஒரு கிளைக்குழாய் எப்போதும் இருக்கும். உறைந்து வெடிப்பது அதுதான்.

இடிப்பதற்கு முன் அளந்து வரைதல். கிழக்கே இடித்த மூன்று வார்டுகளை இனி மேற்கிலுள்ள மூன்றைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். ஆண்கள் வார்டுகளும் பெண்கள் வார்டுகளும் சமச்சீராக இருந்தன என்று எடுத்துக்கொள்கிறோம், ஆனால் அவற்றைக் கட்டி முடித்ததற்கு இடையே பதினைந்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. பொருளிலும் குழாய் அமைப்பிலும் மாற்றம் இருந்திருக்கவே வாய்ப்பு.

வருமானம் தரும் பகுதியோடு தராத பகுதியையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டுவது. மூன்று கட்டடங்களில் வரும் வாடகையிலிருந்து மற்ற ஐந்தின் கூரைக்கு ஒரு பங்கு போகவேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதாவிட்டால், பிறகு யாரும் எழுதமாட்டார்கள். மேற்குக் கோடியின் செங்கல் வார்டுகள் 1895ல் கடைசியாக முடிந்தவை, மலிவாகக் கட்டியவை. அவற்றின் பீலிகளைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.